விருந்தாளிக் காய்ச்சலும் சிவப்பு இலையும்

காலை ஆறு மணிக்கே வரிசை தெருமுனையைத் தாண்டிவிடும். ஏழு மணிக்கு அது வளைந்து, டயர் கடையைச் சுற்றிக்கொண்டு, தபால் நிலையத்தின் வாசலை அடைத்து நிற்கும். தபால் போட வந்தவர்கள் தெரியாமல் அந்த வரிசையில் நின்று, முக்கால் மணி நேரம் கழித்து, தங்களுக்குக் காய்ச்சல் இல்லை என்பது நினைவுக்கு வந்து விலகிப் போனதுண்டு. சிலர் விலகவில்லை. இவ்வளவு நேரம் நின்றாகிவிட்டது, இருக்கிறதா இல்லையா என்று பார்த்துவிட்டே போவோம் என்று உள்ளே போனார்கள். போனவர்களுக்கெல்லாம் இருந்தது.

உள்ளே உட்கார்ந்திருந்தவரை எல்லோரும் இலை ஐயா என்றார்கள். முன்பு பழைய பேட்டரி விற்ற கூடம் அது. சுவரில் இன்னும் ஒரு பேட்டரி விளம்பரத்தின் பாதி ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் கீழே ஐயா வெள்ளை விரிப்பு போட்ட மேசைக்குப் பின்னால் இருந்தார். மேசை மேல் தட்டையான ஒரு தகர டப்பா. டப்பாவுக்குள் பஞ்சு. பஞ்சின் மேல் சிவப்பு இலை.

அந்த இலை நோயாளியின் உள்ளங்கையில் வைத்தவுடன் நெளியும். தலையைத் தூக்கும். வாலை ஆட்டும். சில கைகளில் அப்படியே சுருண்டு படுத்துக்கொள்ளும். பறவை கூட ஏறாத மலையில் நிற்கிற மரத்தின் இலை என்றார்கள். பறவை ஏறாத மலையில் இவர் எப்படி ஏறினார் என்று யாரும் கேட்கவில்லை. ஐயாவின் தொப்பையைப் பார்த்த பிறகாவது கேட்டிருக்கலாம்.

அவர் புகழ் வாரத்துக்கு ஒரு படி ஏறியது. முதலில் ஒரு வாத்தியாரின் காய்ச்சலைக் கண்டுபிடித்தார் என்று பேச்சு. அடுத்த வாரம் அந்த வாத்தியார் தலைமை ஆசிரியர் ஆனார். அதற்கடுத்த வாரம் கல்லூரி முதல்வர். இன்னும் ஒரு மாதம் போயிருந்தால் மந்திரி ஆகியிருப்பார். எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டவர் மட்டும் யாருமில்லை.

ஐயாவின் கொள்கை எளிமையானது. ஒரே அளவில் நிற்கிற காய்ச்சல் உடம்பின் சொந்தக் காய்ச்சல். அதை டாக்டர் பார்க்கட்டும். ஏறி இறங்கி, வந்து போகிற காய்ச்சல் விருந்தாளிக் காய்ச்சல். யாருடைய ஏக்கமோ, எரிச்சலோ வழி தவறி இந்த உடம்புக்குள் வந்து தங்கியிருக்கிறது. யாருடையது என்று இலை சொல்லும். சொன்ன பிறகு விருந்தாளியை அனுப்பிவைக்க மூன்று நடை வர வேண்டும். மூன்றில் போகாவிட்டால் ஏழு. அதுவரை மாத்திரை கூடாது. தெர்மாமீட்டர் கூடவே கூடாது. அளந்தால் விருந்தாளி கோபித்துக்கொள்ளும்.

ஐயா காசைக் கையால் தொட மாட்டார். ஒவ்வொரு நடைக்கும் ஒரு புதுத் துண்டும், பிரிக்காத சோப்பு ஒன்றும் கொண்டுபோனால் போதும். அதையும் பக்கத்துக் கடையில்தான் வாங்க வேண்டும். வெளியில் வாங்கினால் அதில் வெளியாள் பார்வை பட்டிருக்கும். பக்கத்துக் கடையை நடத்தியவர் ஐயாவின் மச்சான். கடைக்கும் கூடத்துக்கும் நடுவில் ஒரு கதவு இருந்தது. துண்டும் சோப்பும் அந்த வழியாகத் திரும்பிப் போய், மறுபடி புதுசாகி, மறுபடி முன்வாசல் வழியாக வந்தன. காய்ச்சலைவிட அதிகமாக ஏறி இறங்கியவை அந்தத் துண்டுகள்தான்.

இந்த வரிசையில்தான் ஒரு நாள் காலை செக்கர் அக்காவும் வந்து நின்றாள்.

சட்டை தைக்கிற தொழிற்சாலையில் அவளுக்குப் பதினோரு வருட வேலை. தைத்து வருகிற சட்டையைக் கடைசியாகக் கையில் எடுத்து, காலர், காஜா, பட்டன், மடிப்பு எல்லாம் பார்த்து, சரி அல்லது சரியில்லை என்று ஒதுக்குவது. ஒரு பிசிறு நூல் நீட்டிக்கொண்டிருந்தாலும் அவள் கை அதைத் தாண்டிப் போகாது. அங்கே எல்லோருக்கும் அவள் செக்கர் அக்கா. வீட்டில் அவள் கணவருக்கு மட்டும், கூப்பிட வேண்டியிருந்தால், "ஏம்மா".

கணவர் பால் வேன் ஓட்டுபவர். ஊருக்கு வெளியே இருக்கிற மாட்டுப் பண்ணைகளில் விடியலில் பால் கேன்களை ஏற்றி, குளிரூட்டும் நிலையத்தில் இறக்குவார். பாறாங்கல் மாதிரி ஆள். அந்த ஆளுக்குத்தான் பதினாறு நாளாகக் காய்ச்சல். காலையில் தொண்ணூற்றொன்பது. மாலை நான்கு மணிக்கு நூற்று மூன்று. அப்புறம் சட்டையைப் பிழிந்து காயப்போடுகிற அளவுக்கு வேர்வை. விடிந்தால் ஒன்றும் நடக்காதது போல ஒரு சாதுவான முகம். இரண்டு நாள் விட்டுவிடும். மூன்றாம் நாள் வட்டியோடு திரும்பி வரும். முதுகும் இடுப்பும் அடித்துப் போட்டதுபோல் வலித்தன. எட்டு கிலோ இறங்கிவிட்டார்.

பன்னிரண்டாம் நாள் தெருவிலிருந்த டாக்டரிடம் காட்டினார்கள். அவர் ரத்தம் எடுத்து மலேரியாவுக்கும் டைபாய்டுக்கும் பார்த்தார். இரண்டும் இல்லை. மூன்று நாளில் குறையாவிட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். அங்கே ரத்தத்தை வளர்த்து, கிருமி இருக்கிறதா என்று பார்ப்பார்கள் என்று சீட்டும் எழுதிக் கொடுத்தார்.

அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் நாத்தனார் சிரித்தார்.

நாத்தனார் சலவைக் கடை வைத்திருப்பவர். தாய் தகப்பன் சீக்கிரம் போய்விட, தம்பியை அவர்தான் வளர்த்தார். பதினேழு வயதில் அடுத்தவர் வீட்டுத் துணியைத் துவைத்து அவனைப் படிக்கவைத்தார். அந்த வீட்டில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது; அவர் கேட்டு வாங்கிக்கொண்ட மரியாதை அல்ல அது, உழைத்துச் சம்பாதித்தது.

"ரத்தத்தை வளர்க்கப் போறாங்களாம். அது என்ன செடியா?" என்றார். "ரெண்டு டெஸ்ட்லயும் ஒண்ணுமில்லைன்னு வந்தாச்சு. ஒண்ணுமில்லாத உடம்பு ஏன் கொதிக்குது? இது டாக்டர் சமாச்சாரம் இல்லை."

செக்கர் அக்காவுக்கு உள்ளுக்குள் ஏதோ உறுத்தியது. ஆனால் பதினாறு நாள் தூக்கமில்லாதவளுக்கு உறுத்தல்களைப் பிரித்துப் பார்க்கத் தெம்பில்லை. யாராவது ஒருவர் இதுதான் என்று சொல்லிவிட்டால் போதும் என்றிருந்தது. துண்டும் சோப்பும் வாங்கிக்கொண்டு, கணவரோடும் நாத்தனாரோடும் வரிசையில் நின்றாள்.

கூடத்தின் வாசலில் பருமனான ஒரு பெண்மணி நின்று, வருகிறவர்களின் கைகளை ஈரத்துணியால் துடைத்து உள்ளே விட்டாள். தெருவின் பார்வையைத் துடைக்கிறாளாம். ஐயாவின் மனைவிக்குத் தங்கை. வருகிறவர்கள் எல்லோரும் அவளைச் சித்தி என்றே கூப்பிட்டார்கள்.

கணவரின் உள்ளங்கையில் ஐயா இலையை வைத்தார். கண்ணை மூடினார். மூன்று எண்ணுகிற நேரம். இலை தலையைத் தூக்கியது, வாலைத் தூக்கியது, புரண்டு குழல் மாதிரி சுருண்டது. நாத்தனார் கன்னத்தில் கைவைத்துக்கொண்டார்.

வேலை செய்கிற இடத்திலிருந்து வந்த விருந்தாளி என்றார் ஐயா. பெரிய வாசல் உள்ள இடம். உள்ளே சத்தம் இருக்கும். அங்கே ஒரு பெண். ரொம்ப உயரமும் இல்லை, குள்ளமும் இல்லை. சிரித்துப் பேசுவாள்.

உலகத்திலுள்ள எல்லாத் தொழிற்சாலைக்கும் பெரிய வாசல் உண்டு, சத்தமும் உண்டு, ரொம்ப உயரமும் இல்லாமல் குள்ளமும் இல்லாமல் சிரித்துப் பேசுகிற பெண்களும் உண்டு. ஆனால் நாத்தனார் தம்பி மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "உன்கூட வேலை செய்யறவதான். யாருன்னு யோசிச்சுப் பாரு."

யோசித்தாள். அதுதான் அவள் பிறகு நினைத்து நினைத்து வெட்கப்பட்ட விஷயம். அவள் மனம் நேராக, பட்டன் துளை தைக்கிற காஜா மிஷினில் உட்காருகிறவளிடம் போய் நின்றது. பதினோரு வருடமாகப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிற சிநேகிதி. எப்போதோ ஒரு தடவை, "உனக்கென்னடி, உன் வீட்டுக்காரர் தங்கமான மனுஷன்" என்று சொல்லியிருந்தாள். அவ்வளவுதான். மூன்று நாள் செக்கர் அக்கா அவளோடு சாப்பிட உட்காரவில்லை. நாலாம் நாள் காஜாக்காரி தன் டப்பாவை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விட்டாள். ஒரு காய்ச்சலை வைத்துக்கொண்டு ஐயா இப்படி எத்தனை வீட்டில், எத்தனை மேசையில் ஆட்களை எழுப்பி மாற்றி உட்காரவைத்தாரோ, அதற்குக் கணக்கில்லை.

அந்த முதல் நடையில் சடங்கெல்லாம் முடிந்ததும் கணவரின் கையில் சித்தி வெள்ளைப் பவுடர் போட்டுத் தேய்த்தாள். குளிர்ச்சிக்காம். ஐயா இலையை மறுபடி வைத்தார். இலை செத்த மீன் மாதிரி கிடந்தது. விருந்தாளி பாதி கிளம்பிவிட்டது என்றார். நாத்தனாருக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்று மாலை நான்கு மணிக்குக் கணவரின் பற்கள் தந்தியடித்தன. செக்கர் அக்கா கதவைச் சாத்திக்கொண்டு, துணி அலமாரிக்குள் ஒளித்துவைத்திருந்த தெர்மாமீட்டரை எடுத்து அளந்தாள். நூற்று மூன்று புள்ளி நான்கு. பாதி கிளம்பிய விருந்தாளி எதையோ மறந்துவிட்டுத் திரும்பி வந்திருந்தது.

ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினாள். காலை, மதியம், மாலை. ஏன் எழுதுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. சரியில்லாத சட்டைக்குச் சீட்டு எழுதி எழுதி வந்த பழக்கம்.

இரண்டாம் நடை நான்கு நாள் கழித்து. மச்சான் கடையில் பளபளப்பான உறையில் புதுத் துண்டு கொடுத்தார். வரிசையில் நிற்கும்போது உறைக்குள் அதன் ஓரத்தைப் பார்த்தாள். பார்க்காமல் இருக்க அவள் கண்ணுக்குத் தெரியாது. மூலையில் நாலு தையல் விட்டுப்போயிருந்தது. விட்ட இடத்தை யாரோ நீல நூலால் கையால் முடிச்சுப் போட்டிருந்தார்கள். போன நடை கொடுத்த துண்டிலும் அதே மூலை, அதே நாலு தையல், அதே நீல முடிச்சு.

நாத்தனாரிடம் காட்டினாள். ஒரே மில் துண்டு, ஒரே மிஷின், ஒரே கோளாறு என்றார் நாத்தனார். மிஷின் ஒரே தப்பை ஆயிரம் தடவை செய்யும், சரிதான். ஆனால் கையால் போட்ட முடிச்சு இரண்டு தடவை ஒரே மாதிரி விழாது. செக்கர் அக்கா இதைச் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டு கண்ணைத் திறந்துகொண்டாள்.

அன்று கூடத்துக்குள் பெஞ்சில் உட்கார்ந்து, தங்கள் முறை வரும்வரை பதினொரு பேரைப் பார்த்தாள். சட்டையைப் பார்ப்பது போலப் பார்த்தாள். உள்ளே வரும்போது எல்லோருக்கும் ஈரத்துணி. முடிந்த பிறகு எல்லோருக்கும் பவுடர். ஈரக்கையில் இலை ஆடியது. பவுடர்க் கையில் இலை படுத்தது. பதினொரு பேரில் ஒருவருக்குக்கூட மாறவில்லை. ஐயா கண்ணை மூடி, கண்ணைத் திறந்து, மலையைப் பற்றியும் மரத்தைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார். வேலை முழுவதும் வாசலில் துணியோடும் பவுடர் டப்பாவோடும் நின்றவளுடையது. அந்தக் கூடத்தில் நடந்த ஒரே சித்தி அந்தச் சித்திதான்.

வெளியே வரும்போது, வீட்டில் தடவ வேண்டும் என்று சொல்லி அந்தப் பவுடரில் கொஞ்சம் பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டாள். முகத்துக்குப் போடுகிற சாதாரணப் பவுடர். அவள் வீட்டு அலமாரியிலேயே அதே வாசனையில் ஒரு டப்பா இருந்தது.

மறுநாள் தொழிற்சாலையில், சட்டைகளை அட்டைப்பெட்டியில் அடுக்குகிற இடத்துக்குப் போயிருந்தாள். அந்தப் பெட்டிகளின் மூடியில், உள்ளே இருக்கும் சட்டை தெரிவதற்காகக் கண்ணாடித்தாள் ஒட்டுவார்கள். அடுக்குகிறவள் வழக்கம்போல நீராவி இஸ்திரிக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தாள். "இந்தப் பக்கம் ஆவி விடாதீங்கன்னு எத்தனை வாட்டி சொல்றது? தாள் எல்லாம் சுருளுது பாருங்க." மேசை மேல் வெட்டி வைத்த துண்டுத்தாள்கள் தலையைத் தூக்கி, வாலைத் தூக்கி, புரண்டு சுருண்டுகொண்டிருந்தன.

பதினோரு வருடமாக இதைப் பார்க்கிறாள். அன்றுதான் பார்த்தாள்.

மிட்டாய் சுற்றி வருகிற சிவப்புக் கண்ணாடித்தாள் ஒன்றை வாங்கி, இலை மாதிரி வெட்டி, வீட்டில் ஈரத்துணி மேல் போட்டாள். ஆடியது. பவுடர் போட்ட தட்டில் போட்டாள். படுத்தது. கட்டிலில் சாய்ந்திருந்த கணவர் மூன்று வாரத்தில் முதல்முறையாகச் சிரித்தார். சிரித்த பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிடலாங்க" என்றாள்.

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அக்காவை மீறி என்னால வர முடியாதும்மா. அவ கையால சாப்பிட்டு வளர்ந்தவன் நான். அவளுக்குப் புரியவை. புரிஞ்சா அவளே என்னைத் தூக்கிட்டுப் போவா."

நாத்தனார் வந்து எல்லாவற்றையும் பார்த்தார். கோபப்படவில்லை. நீ வெட்டினது தாள், அவர் வச்சிருக்கிறது இலை என்றார். தண்ணீர் வெள்ளையாகத்தான் இருக்கிறது, அதற்காகப் பாலும் தண்ணீரும் ஒன்றா என்று கேட்டார். பால் வெள்ளை, தண்ணீருக்கு நிறமே இல்லை என்று சொல்லத் தோன்றியதை செக்கர் அக்கா அடக்கிக்கொண்டாள். கடைசியில் நாத்தனாரே வழி சொன்னார்.

"அவர் இடத்துல, அவர் இலையை வச்சு, அவர் வாயாலயே பொய்யின்னு காட்டு. நான் ஒத்துக்கறேன்."

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் செக்கர் அக்கா தன் டப்பாவோடு காஜாக்காரியின் மேசைக்குப் போனாள். எதற்காக விலகி உட்கார்ந்தாள் என்பதை ஒன்றுவிடாமல் சொன்னாள். காஜாக்காரி சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். நீ என்னைப் பத்தி அப்படி நினைச்சியா என்று ஒரு தடவை கேட்டாள். ஆமாம் என்றாள் செக்கர் அக்கா. காஜாக்காரி தன் டப்பாவை மூடிவைத்தாள். பிறகு, "சரி, என்ன பண்ணப் போறே?" என்றாள்.

தொழிற்சாலையில் ஒரு வழக்கம் உண்டு. செக்கர்கள் விழித்திருக்கிறார்களா என்று பார்க்க, மேற்பார்வையாளர் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு கெட்டுப்போன சட்டையை நல்ல கட்டுக்குள் சொருகிவிடுவார். கண்டுபிடிக்காவிட்டால் தலைகுனிவு. அந்த வழக்கத்தை அவள் பதினோரு வருடமாகச் சபித்திருக்கிறாள். இப்போது அதையே கடன் வாங்கினாள். சட்டைப்பெட்டி ஒன்றின் பக்கவாட்டில் கை நுழைகிற அளவு ஓட்டை. மேலே உள்ளங்கையளவு சதுரமாக வெட்டிய திறப்பு. சதுரத்தின் மேல் மெல்லிய சட்டைத் துணி. ஆள் தெரியாது. கை தெரியாது.

ஆனால் ஐயா சம்மதிக்க வேண்டுமே. அதற்கும் அவள் வழி வைத்திருந்தாள். சோதனை என்று சொன்னால் ஐயா எழுந்து மலைக்கே போய்விடுவார். வாடிக்கை என்று சொன்னால்?

ஞாயிற்றுக்கிழமை மாலை மூன்றரை மணிக்குக் கூடம் நிரம்பி வழிந்தது. செக்கர் அக்கா மேசை முன் நின்று பணிவாகச் சொன்னாள். தொழிற்சாலையில் நானூறு பெண்கள் இருக்கிறார்கள். பாதிப் பேருக்குக் காய்ச்சல், மீதிப் பேருக்குச் சந்தேகம். எல்லோரும் வரத் தயார். முகத்தைக் காட்டக் கூச்சப்படுகிறார்கள். இந்தப் பெட்டி வழியாகக் கையை மட்டும் நீட்டினால் இலை சொல்லுமா? மாதிரிக்கு இப்போதே மூன்று கைகளை வைத்துப் பார்க்கலாமா?

நானூறு என்ற சொல் ஐயாவின் காதில் விழுந்ததைக் கூடமே பார்த்தது. நானூறு துண்டு. நானூறு சோப்பு. பக்கத்துக் கடையின் கதவில் மச்சானின் தலை முளைத்தது.

"இலைக்குக் கண்ணு எதுக்கும்மா?" என்றார் ஐயா. "பாறைக்கு அந்தப் பக்கம் கையை வச்சாலும் பேசும்."

கணவரின் வாயில் செக்கர் அக்கா தெர்மாமீட்டரை வைத்தாள். விருந்தாளி கோபித்துக்கொள்ளும் என்று சித்தி பதறினாள். வரிசையில் முன்னால் நின்ற பெயிண்டர் ஒருவர், சட்டையெல்லாம் சுண்ணாம்புப் புள்ளியோடு, அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து உரக்கப் படித்தார். நூற்றிரண்டு புள்ளி எட்டு. அடுத்து நாத்தனாரை அளந்தார். தொண்ணூற்றெட்டு. இதெல்லாம் ஐயாவுக்குத் தெரிந்தால் பரவாயில்லை. யாருடைய கை எப்போது பெட்டிக்குள் போகிறது என்பதுதான் தெரியாது. பெட்டியின் ஓட்டையும் அதில் கை விடுகிறவர்களும் ஐயாவுக்குத் தெரியாதபடி, காஜாக்காரி ஒரு புதுத் துண்டைத் திரையாகப் பிடித்துக்கொண்டாள். நீல முடிச்சுள்ள துண்டு அது. மூன்றாம் முறையாக வாங்கியது.

முதலில் கணவரின் கை. காய்ச்சல் ஏறும் நேரத்தில் அவருக்குக் குளிர்தான் இருக்கும், வேர்வை பிறகுதான் வரும். காய்ந்து கொதித்த அந்தக் கையில் செக்கர் அக்கா பொட்டலத்துப் பவுடரைத் தேய்த்து உள்ளே விட்டாள். ஐயா இலையை வைத்தார். கண்ணை மூடினார், திறந்தார். இலை அசையவில்லை.

"சுத்தமான உடம்பு" என்றார் ஐயா. "காய்ச்சலும் இல்லை, ஒண்ணும் இல்லை. நூறு வருஷம் இருப்பாங்க. அடுத்தவங்க வாங்க."

பெயிண்டர் தெர்மாமீட்டரைப் பார்த்தார். ஐயாவைப் பார்த்தார்.

அடுத்தது நாத்தனாரின் கை. சித்தி வழக்கப்படி துடைத்துவிட்ட ஈரக்கை. இலை துள்ளியது, புரண்டது, சுருண்டது. ஐயாவின் முகம் கறுத்தது. இறந்துபோன ஒருவர் இந்த உடம்பில் நாற்பது நாளாகக் குடியிருக்கிறார் என்றார். உள்ளே நெருப்பாகக் கொதிக்கிறது என்றார். ஏழு நடை.

நெருப்பாகக் கொதித்த நாத்தனார் திரைக்குப் பின்னால் தன் நெற்றியைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

மூன்றாவதாகப் பெட்டிக்குள் போனதற்கு இலை போட்ட ஆட்டம் அதுவரை யாரும் பார்க்காதது. சதுரத்தில் நிற்காமல் குதித்து மேசையிலேயே விழுந்தது. ஐயா அதை எடுத்து மறுபடி வைத்தார். மறுபடி குழலாகியது. ஐயா நீண்ட மூச்சு விட்டார்.

"பெண். கல்யாணமானவ. புகுந்த வீட்டுல முப்பது வருஷப் பாரம். வெளியில சொல்ல மாட்டா, எல்லாத்தையும் உள்ளயே உறிஞ்சு வச்சிருக்கா. காய்ச்சல் தலைக்கு ஏறப்போகுது. இவளுக்குப் பதினாலு நடை வேணும்."

காஜாக்காரி திரையை இறக்கினாள். செக்கர் அக்கா பெட்டியைத் திறந்து, தண்ணீர் சொட்டச் சொட்ட, பாத்திரம் தேய்க்கிற பச்சை ஸ்பாஞ்சை எடுத்து மேசையின் வெள்ளை விரிப்பு மேல் வைத்தாள்.

"உறிஞ்சு வச்சிருக்குன்னு சரியாத்தான் சொன்னீங்க ஐயா" என்றாள்.

முதலில் பெயிண்டர் சிரித்தார். அது பெஞ்சுக்குப் போய், வாசலுக்குப் போய், வரிசை வழியாகத் தெருவுக்குப் போயிற்று. என்ன நடந்தது என்று தெரியாத டயர் கடைக்காரர் கூடச் சிரித்தார். செக்கர் அக்கா சிரிக்கவில்லை. யாருடைய கைக்கு எப்போது ஈரம், எப்போது பவுடர், யாருக்கு இலை எப்படி நடந்துகொண்டது என்று வரிசையாகச் சொன்னாள். தன் பையிலிருந்து சிவப்புக் கண்ணாடித்தாளை எடுத்து, முன்வரிசையில் இருந்தவர்களின் கையில் ஆளுக்கொன்று கொடுத்தாள். கூடம் முழுக்க உள்ளங்கைகளில் மலை மரத்து இலைகள் நெளிந்தன.

ஐயா சுலபமாக விடவில்லை. அந்த ஸ்பாஞ்சால் தேய்த்தவளின் ஏக்கம் அதில் இறங்கியிருக்கிறது என்றார். அதைக் கேட்டு இரண்டு பேர் தலையாட்டவும் செய்தார்கள். அதில் ஒருவர், அப்படியானால் அந்த ஸ்பாஞ்சை எத்தனை நடை கூட்டிவர வேண்டும் என்று உண்மையான அக்கறையோடு கேட்டார். இப்படிப்பட்ட ஆட்களை நம்பித்தான் உலகத்தில் இத்தனை மேசைகள் போடப்பட்டிருக்கின்றன.

நாத்தனார் மேசைக்கு வந்தார். டப்பாவிலிருந்து ஐயாவின் இலையைத் தானே எடுத்தார். தன் கையைச் சேலையில் நன்றாகத் துடைத்துவிட்டு இலையை வைத்தார். படுத்தது. விரலை ஸ்பாஞ்சில் தொட்டு உள்ளங்கையில் தடவி மறுபடி வைத்தார். சுருண்டது. மறுபடி துடைத்தார், மறுபடி வைத்தார். மூன்று தடவை செய்தார். கறை போயிற்றா என்று துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பவரின் முகம் அப்போது அவருக்கு. பிறகு இலையைக் கசக்கி மேசையில் போட்டார்.

"எட்டு நாள்" என்றார் ஐயாவிடம். குரல் உயரவில்லை. "என் தம்பிக்கு மருந்து கொடுக்காம எட்டு நாள் வச்சிருந்தேன், உங்க பேச்சைக் கேட்டு."

மச்சானின் தலை கதவிலிருந்து மறைந்து, கடையின் ஷட்டர் இறங்குகிற சத்தம் மட்டும் வந்தது. நாத்தனார் தம்பியின் தோளுக்குக் கீழே தன் கையைக் கொடுத்து, "நட, ஆஸ்பத்திரிக்கு" என்றார்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா பார்த்தார். முதலில் செக்கர் அக்காவின் நோட்டை வாங்கி, பக்கம் பக்கமாகப் படித்தார். இந்த நோட்டே பாதி டெஸ்ட் என்றார். முந்தைய இரண்டு முடிவுகளையும் பார்த்தார். ஒன்றுமில்லை என்று வந்ததே என்று நாத்தனார் இழுத்தார்.

"மலேரியா இல்லை, டைபாய்டு இல்லைன்னு வந்திருக்கும்மா. நோயே இல்லைன்னு வரலை. ரெண்டு கதவைத் தட்டிப் பார்த்திருக்காங்க. தெருவுல இன்னும் வீடு இருக்கு."

பிறகு டாக்டரம்மா கேள்வி கேட்கத் தொடங்கினார். அதுவரை யாரும் கேட்காத கேள்விகள். என்ன வேலை? எங்கெல்லாம் போவீர்கள்? மாடுகளைத் தொடுவீர்களா? என்ன குடிப்பீர்கள்? கணவர் கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னார்: பண்ணைகளில் விடியலில் பால் ஏற்றும்போது, கறந்த சூட்டோடு ஒரு டம்ளர் பச்சைப் பால் குடிப்பது வழக்கம். உடம்புக்கு நல்லது என்று. டாக்டரம்மா பேனாவை எடுத்தார்.

ரத்தம் எடுத்தார்கள். ஒரு பங்கு சீக்கிரம் முடிவு தெரிகிற சோதனைக்கு. இன்னொரு பங்கு வளர்த்துப் பார்க்க. மூன்றாம் நாள் முதல் முடிவு வந்தது. ரத்தத்தில் வளர்ந்தது பிறகு வந்து அதையே உறுதி செய்தது. ப்ரூசெல்லா என்ற கிருமி. நோயுள்ள மாட்டின் காய்ச்சாத பாலில் வரும். அலை மாதிரி ஏறி இறங்குவதுதான் அந்தக் காய்ச்சலின் குணம். ஆறு வாரத்துக்கு இரண்டு வகை மாத்திரை. நடுவில் நன்றாக இருக்கிறது என்று நிறுத்தினால் திரும்பிவரும் என்று கண்டிப்பாகச் சொன்னார்கள். நாத்தனார் தினமும் இரண்டு வேளை வந்து, மாத்திரையை விழுங்கவைத்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுப் போனார்.

இரண்டாம் வாரத்தில் நோட்டில் நூறைத் தாண்டிய எண்ணே இல்லை. இடுப்பு வலி போக இன்னும் நாளாயிற்று. பண்ணைகளுக்குக் கால்நடை மருத்துவர் போனார். இன்னும் இரண்டு வேன்காரர்களுக்கும் அதே கிருமி இருப்பது தெரிந்தது. அதில் ஒருவர் ஐயாவின் ஐந்தாம் நடையில் இருந்தார்.

பேட்டரிக் கூடம் ஒரு வாரத்தில் காலியாகிவிட்டது. நாத்தனார் இப்போது யாரையும் சும்மா விடுவதில்லை. டாக்டரம்மாவிடமே, ரத்தத்தில் கிருமி இருக்கிறது என்று நீங்கள் எப்படிச் சொல்கிறீர்கள், எனக்குக் காட்டுங்கள் என்று கேட்டார். டாக்டரம்மா கோபித்துக்கொள்ளவில்லை. சோதனைக்கூடத்துக்குக் கூட்டிப்போய், மூடிய கண்ணாடி ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நிற்கவைத்து, எது என்ன என்று அரைமணி நேரம் விளக்கினார். நாத்தனாருக்குப் பாதி புரிந்தது. ஆனால் கேட்டால் பதில் சொல்கிறவர்கள் யார், கேட்டால் விருந்தாளி கோபித்துக்கொள்ளும் என்கிறவர்கள் யார் என்பது முழுதாகவே புரிந்தது.

இலை ஐயா இப்போது வேறு ஊரில், கைக்கடிகாரத்தின் சத்தத்தை வைத்து மூட்டுவலியைக் கண்டுபிடிப்பதாகக் கேள்வி. அங்கேயும் வரிசை தெருமுனையைத் தாண்டிவிட்டதாம். உடம்பு சூடானால் பயமில்லை; அளக்கக் கருவி இருக்கிறது, தணிக்க மருந்து இருக்கிறது. மூளை ஆறிப்போனால்தான் ஆபத்து. அதை வெளியாள் யாரும் தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது. வரிசையில் நிற்கிற நேரத்தில் அவரவர்தான் தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.